சுவருக்கு அந்தப் பக்கம் போன ஜெனரேட்டர்

நான் வேலை பார்த்த பால் கம்பெனி இந்த ஆண்டு ஒரு மலர் போடுகிறது. காற்று, வெயில் என்று முழுக்க முழுக்கப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்திலேயே ஓடும் நிறுவனம் என்று பெயர் வாங்கியதைக் கொண்டாடும் மலர். பழைய ஆட்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டுமாம். எலக்ட்ரிகல் பிரிவில் தலை நரைத்தவன் என்பதால் என்னையும் கேட்டு வந்தார்கள். வந்த இருவரும் மரியாதை தெரிந்தவர்கள். காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் ஒருவர் தலையைச் சொறிந்தார்.

"சார், எல்லாத்தையும் எழுதுங்க. அந்த ஜெனரேட்டர் விஷயம் மட்டும் வேண்டாங்க சார்."

"அத வுட்டா நான் எழுத வேற என்னப்பா இருக்குது?"

"காத்தாலை பத்தி எழுதுங்க. சோலார் பத்தி எழுதுங்க. மரம் நட்டத எழுதுங்க சார்."

மரம் நட்டதைத் தாராளமாக எழுதலாம். ஆண்டுதோறும் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரே குழியில்தான் நடுகிறோம். பழைய கன்று காய்ந்துபோய் இடம் விட்டுக்கொடுக்கிறது, அடுத்த விருந்தாளி வந்து புதுசு நடுகிறார். இதற்கு மேல் அதில் சொல்ல எதுவும் இல்லை. எனவே மலருக்கு மரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது எழுதும் இது, மலரில் வராது என்று தெரிந்தே எழுதுவது.

என் பெயர் மாதப்பன். தருமபுரியில் ஐ.டி.ஐ. முடித்து, ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் விரல் நுனி தேய்ந்து, தருமபுரிக்கும் அரூருக்கும் நடுவில் இருந்த இந்தப் பால் கம்பெனிக்கு வந்து சேர்ந்தேன். கற்றுக்கொண்ட கதையெல்லாம் இவ்வளவுதான். ஷாக் அடித்த இடங்களைச் சொல்லப் போனால் அது தனிப் புத்தகமாகிவிடும்.

பால் கம்பெனியில் கரண்ட் என்பது என்ன என்று வெளியாட்களுக்குச் சுலபமாகப் புரியாது. கறந்த பாலுக்கு மாட்டின் உடம்புச் சூடு இருக்கும். காலையில் ஊர் ஊராகச் சேர்த்துக் கேன்களில் அடைத்து வேனில் கொண்டுவருவார்கள். அதைத் தொட்டியில் கொட்டி, குளிரூட்டும் இயந்திரத்துக்குள் ஓடவிட்டு, கை வைத்தால் விறைக்கிற குளிருக்குக் கொண்டுவர வேண்டும். தாமதமானால் பால் யாருக்காகவும் காத்திருக்காது, திரிந்துவிடும். திரிந்த பாலுக்குக் கம்பெனி ஒன்றும் தராது. அதனால் கரண்ட் போன அடுத்த நிமிடம் ஜெனரேட்டர் ஓட வேண்டும். அதை ஓட்டுவதுதான் என் பிழைப்பு.

காலையில் வந்ததும் ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு உருவிப் பார்ப்பேன். ரேடியேட்டரில் தண்ணீர், டேங்கில் டீசல். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பூவை வெந்நீர் விட்டுத் துடைப்பேன். கரண்ட் போனால் முதலில் வெளி லைனைப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் கரண்ட் வெளியே போய், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைக் கொன்றுவிடும். பிறகு ஸ்டார்ட். சத்தம் ஒரு சீருக்கு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்புறம் பம்ப், கம்ப்ரஸர் என்று ஒவ்வொன்றாகச் சுமை ஏற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக ஏற்றினால் மூச்சு முட்டி நின்றுவிடும். வயதான மாமனாரிடம் வேலை வாங்குவது போலத்தான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த எங்கள் வாழ்க்கையில் ஒரு சாக்லேட் குறுக்கிட்டது. எங்கள் பால் பவுடரை வாங்கும் வெளிநாட்டுச் சாக்லேட் கம்பெனி, தனக்குச் சரக்கு தருகிறவர்கள் எல்லோரும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்று சொல்லிவிட்டது. உடனே எங்கள் தலைமை அலுவலகம் நூறு சதவீதம் என்று அறிவித்தது. தொண்ணூறு என்றால் மேடையில் சொல்ல நன்றாக இருக்காதாம்.

அதை நடத்திக்காட்ட வந்த மேனேஜர்தான் பிரபாகர் சார். கோபப்படமாட்டார். குரல் உயராது. இஸ்திரி கலையாத பச்சைச் சட்டை. 'இல்லை' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே கிடையாது. எதைக் கேட்டாலும் சிரித்தபடி, "பார்த்துக்கலாம் மாதப்பன்" என்பார். என் ஓவர்டைம், கேண்டீன் சாம்பார், கால் உடைந்த ஏணி மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் போனவைதான், இன்றுவரை திரும்பி வரவில்லை.

அவருக்குக் கீழே ஐஸ்வர்யா என்று ஒரு பொறியாளர் சேர்ந்தாள். அரூர்ப் பெண், நல்ல படிப்பு. தேனிப் பக்கத்துக் காற்றாலைக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டதைப் பற்றி எங்களை உட்காரவைத்து விளக்கினாள்.

"ஊர்க் கெணறுன்னு வெச்சுக்குங்க. அவுங்க ஒரு பக்கம் தண்ணி ஊத்துறாங்க. நாம அதே அளவு இன்னொரு பக்கம் எறைக்கிறோம். நம்ம காசுல கூடுதலா ஒரு காத்தாடி சுத்துது. அது நெஜம்."

எனக்கு அது புரிந்தது, பிடித்தும் இருந்தது. காற்றாலையைக் கேலி செய்ய நான் இதை எழுதவில்லை. நிலக்கரிப் புகை குறைந்தால் என் நெஞ்சுக்கும்தான் நல்லது. ஆனால் ஒரு சந்தேகம் கேட்டேன்.

"கெணறு சரிம்மா. கயிறு அறுந்துட்டா?"

"கரண்ட் போனா ஜெனரேட்டர்தான் சார். கரண்ட் போற நேரம் தவிரன்னு அறிக்கையில ஒரு வரி சேத்துப் போட்டுடலாம். தப்பே இல்ல."

பிரபாகர் சார் அந்த வரியைக் கேட்டு அழகாகச் சிரித்தார். "பார்த்துக்கலாம்" என்றார். வரி போய்விட்டது.

அடுத்த வாரமே ஜெனரேட்டரைச் சுற்றிப் பச்சைத் தகரம் அடித்து, அதில் சங்குப்பூக் கொடி ஏற்றினார்கள். புகைக்குழாய் மட்டும் தகரத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு வான நீலத்தில் பெயிண்ட் அடித்தார்கள், வானத்தோடு கலந்துவிடுமாம். மழைக்காலத்தில் வானம் சாம்பல் நிறத்துக்கு மாறும் என்பதைத் தலைமை அலுவலகம் எதிர்பார்க்கவில்லை.

பிறகு வாய்ப்பூட்டு வந்தது. வாக்கி டாக்கியில் ஜெனரேட்டர் என்று சொல்லக் கூடாது. வெளிநாட்டார் வந்து போகும் இடம், தமிழ் தெரியாவிட்டாலும் அந்த ஒரு சொல் அவர்களுக்கும் தெரியுமே. வேறு எப்படிச் சொல்வது என்று நாங்கள் விழித்தோம். கேன் கழுவும் பெண்கள் ஒரே நாளில் வழி கண்டுபிடித்தார்கள். எங்கள் பக்கத்தில் வயதான பெண்கள் புருஷன் பேரைச் சொல்லமாட்டார்கள். அதே முறையை ஜெனரேட்டருக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

"ண்ணா, அவரு எந்திரிச்சிட்டாருங்களா?"

"இன்னும் இல்லம்மா. கொஞ்சம் இருமுறாரு."

"சீக்கிரம் எழுப்புங்ணா, பாலு நிக்குது."

அன்றிலிருந்து கம்பெனி முழுக்க அது 'அவர்' ஆகிவிட்டது. இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி, "உங்களுக்கு அவரு தேவலாம். கூப்புட்டா எந்திரிக்கிறாரு" என்றாள்.

ஆயுத பூஜை வந்தது. பூஜைப் படங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போகும் என்பதால், அவருக்கு மட்டும் பூஜை கிடையாது என்று பிரபாகர் சார் சொல்லிவிட்டார். பெண்களுக்கு வந்ததே கோபம்.

"தொடப்பத்துக்கே பொட்டு வெக்கிறோம். நாளெல்லாம் ஒழைக்கிறவருக்கு இல்லீங்களா?"

"பார்த்துக்கலாம்மா" என்றார் பிரபாகர் சார். அவர் படங்களை எடுத்துக்கொண்டு, பொரி சுண்டலையும் வாங்கிக்கொண்டு கிளம்பியதும், அவர்களே பார்த்துக்கொண்டார்கள். தகரத்துக்குப் பின்னால் போய் அவருடைய நெற்றி முழுக்கச் சந்தனம் பூசி, அகலக் குங்குமம் வைத்து, சாமந்தி மாலையில் மிகப் பெரியதை அவருக்கே சாத்தினார்கள். ஒளித்துவைத்ததற்குப் பரிகாரமாக மற்ற எல்லா மெஷினையும்விட அவருக்குத்தான் அலங்காரம் அதிகம்.

அதற்குச் சில நாள் கழித்துச் சாக்லேட் கம்பெனி அம்மையார் வந்தார். நூறு சதவீதம் என்று பொறித்த கல்லைத் திறந்துவைக்கும் விழா. மேடை போடச் சமதளமான இடம் ஜெனரேட்டருக்கு முன்னால்தான் இருந்தது. இடம் போதாமல் பச்சைத் தகரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் காற்றாலைப் படம் போட்ட பெரிய ஃப்ளெக்ஸைக் கட்டினார்கள். அம்மையாருக்கும் அவருக்கும் நடுவில் ஒரே ஒரு ஃப்ளெக்ஸ்தான்.

முதல் நாள் இரவு நல்ல காற்று, மழை. காலையில் வானம் வெளுத்து வெயில் சுள்ளென்று அடித்தது. அம்மையாரின் கார் கேட்டுக்குள் நுழையவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. லைன்மேனுக்குப் போன் போட்டேன்.

"காத்துல மரம் வுழுந்து கம்பி அறுந்துகெடக்குதுங்ணா. மத்தியானம் ஆவும்."

காற்றை நம்பி ஓடுவதாகக் கல் திறக்கிற நாளில் காற்றே வந்து கம்பியை அறுத்துவிட்டது. கூரை மேலே சோலார் தகடுகள் வெயிலில் தகதகவென்று இருந்தன. ஆனால் எங்கள் சோலார், வெளி லைனில் கரண்ட் இருந்தால்தான் வேலை செய்யும். லைன்மேன் உயிருக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேலே அவ்வளவு வெயில் இருந்தும் கீழே ஒரு பம்ப் ஓடவில்லை.

மேடை ஓரத்தில் நின்றிருந்த பிரபாகர் சாரிடம் போய்க் காதோடு சொன்னேன். "சார், அவர எழுப்பணும்."

"விழா முடியட்டும். பார்த்துக்கலாம்."

"பாலு தாங்காது சார்."

"எந்தப் பால்? வேன் எதுவும் இன்னும் நம்ம கேட்டுக்குள்ள வரலையே மாதப்பன்" என்றார், அதே சிரிப்போடு.

அது உண்மைதான். டீசல் வேன்கள் அம்மையார் கண்ணில் படக் கூடாது என்று, எல்லாவற்றையும் சாலை வளைவிலேயே நிறுத்திவைக்கச் சொல்லியிருந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். வேன்கள் வரிசையாக வெயிலில் நின்றன. முதல் வேன் சரோஜாவுடையது.

சரோஜா வத்தல்மலை அடிவாரத்து ஊர் ஒன்றின் பால் ஏஜெண்ட். ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருக்கிற வீடுகளின் பாலைச் சேர்த்துக் கொண்டுவருவாள். முந்தின மாதம் வேன் பழுதாகி ஒருமுறை அவள் பால் திரிந்துபோனது. இன்னொரு முறை அப்படி ஆனால் வீடுகளெல்லாம் வேறு ஏஜெண்டிடம் போய்விடும் என்று என்னிடம் சொல்லி அழுதிருந்தாள். அன்று விழாவில் விவசாயிகள் சார்பாக அம்மையாருக்கு ஒரு டம்ளர் பால் தரவும் அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதற்காகக் கம்பெனி கொடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, ஒரு கேனின் மூடியைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ண்ணா, இன்னுங் கொஞ்ச நேரம் போனா கெட்டுப்பூடும். உள்ள வுடச் சொல்லுங்ணா."

"உள்ள வந்தாலும் கரண்ட் இல்லம்மா."

"அவரு?"

"அவர எழுப்பக் கூடாதாம்."

சரோஜா என்னைப் பார்த்த பார்வையில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் கொடுப்பதற்காகக் கேண்டீனில் ஏலக்காய் போட்டுக் காய்ச்சிய பால் வெள்ளி டம்ளரில் தயாராக இருந்தது. சரோஜா அதைத் தொடவில்லை. தன் கேனிலிருந்தே ஒரு சொம்பில் மொண்டு எடுத்துக்கொண்டு, நேராக மேடையேறி அம்மையாரிடம் நீட்டினாள்.

பிரபாகர் சார் கையை நீட்டுவதற்குள் அம்மையார் அதை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டார். குடித்தவர் முகம் மாறியது. சொம்பை மூக்கருகே கொண்டுபோனார். ஐஸ்வர்யாவிடம் ஏதோ கேட்டார். அவர் சிறு வயதில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவராம், இந்தப் பால் திரியப்போகிறது, ஏன் இன்னும் குளிர்விக்கவில்லை என்று கேட்கிறாராம்.

"கரண்ட் இல்லீங்க. வேனெல்லாம் ரோட்டுல வெயில்ல நிக்குதுங்க" என்று சரோஜா தமிழிலேயே சொன்னாள். ஐஸ்வர்யா ஒரு கணம் பிரபாகர் சாரைப் பார்த்தாள். பிறகு ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள்.

அம்மையார் திரும்பிக் கேட்டது எனக்கே புரிந்தது, ஏனென்றால் அந்தச் சொல் எங்களுக்கும் பொதுச் சொல். ஒரு பால் கம்பெனியில் ஜெனரேட்டர்கூடவா இல்லை? இல்லையென்றால் இவர்களிடம் பவுடர் வாங்குவதே ஆபத்தாயிற்றே?

யாருக்குப் பயந்து பெயரைக்கூட விட்டோமோ, அந்த அம்மையாரே பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். பிரபாகர் சாரின் சிரிப்பு ஒரு நொடிகூடக் கலையவில்லை. அதற்காகவே அவருக்குச் சம்பளம். இருக்கிறது மேடம், எப்போதும் தயாராக இருக்கிறது என்று சொல்லி என் பக்கம் கண்ணைக் காட்டினார்.

நான் கட்டிங் பிளையரால் ஃப்ளெக்ஸ் கயிற்றை வெட்டினேன். காற்றாலைகளெல்லாம் மடங்கிக் கீழே விழுந்தன. பின்னால் அவர் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வாடிய சாமந்தி மாலையோடு நின்றார். கீழே பெண்கள் கூட்டத்தில் யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்த அம்மையார் இது ஏதோ கோயில் என்று நினைத்துக் கை கூப்பினார். அவரோடு சேர்ந்து பிரபாகர் சாரும் கூப்ப வேண்டியதாயிற்று.

வெளி லைனைப் பிரித்தேன். ஸ்டார்ட் கொடுத்தேன். ஒரு இருமல், அப்புறம் உறுமல். வான நீலக் குழாயிலிருந்து கன்னங்கரேலென்று புகை எழும்பி, காற்று அந்தப் பக்கம் இருந்ததால் நேரே மேடைக்கு இறங்கியது. பச்சைச் சட்டை என்ன நிறமானது என்று நான் வர்ணிக்கப் போவதில்லை. சத்தம் சீரானதும் பம்பை ஏற்றினேன், கம்ப்ரஸரை ஏற்றினேன். வேன்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன.

மற்ற வேன்களின் பால் பெரும்பாலும் பிழைத்தது. முதலில் வந்து அதிக நேரம் வெயிலில் நின்றது சரோஜாவின் வேன். பரிசோதனை மேசையில் அவள் பாலைச் சூடாக்கிப் பார்த்தபோது, பாதிக் கேன்கள் கட்டி கட்டியாகத் திரிந்தன. எடுக்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள். அவள் சண்டை போடவில்லை. கேண்டீன் பின்பக்கம் போய்த் தன் பழைய புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். பச்சைப் புடவையை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"இத உங்க சாருகிட்டயே குடுத்துருங்ணா. நான் இன்னிக்கி வூடு வூடா பதில் சொல்லணும்."

என் உத்தியோக காலத்தில் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றும் தெரியவில்லை. புடவையைப் பிரபாகர் சார் மேசையில் வைத்தேன். அதை அவர் அடுத்த விழாவுக்கு எடுத்து வைத்துக்கொண்டார்.

போகும்போது அம்மையார் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார். ஜெனரேட்டர் இருப்பது தப்பில்லை, ஆனால் எரித்த டீசலை மறைக்காமல் அறிக்கையில் எழுதுங்கள் என்றார். ஐஸ்வர்யாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. தன்னுடைய அந்த ஒரு வரியை மறுபடி எழுதிக்கொண்டு போனாள். "பார்த்துக்கலாம்" என்றார் பிரபாகர் சார்.

இந்த முறை பிரபாகர் சார் பார்த்தேவிட்டார். எங்கள் 'அவரை' ஓரடிகூட நகர்த்தவில்லை. காம்பவுண்ட் சுவரைத்தான் நகர்த்தினார்கள். அவருக்கு முன்னால் புதுச் சுவர் எழுந்தது. பழைய சுவரை இடித்து, அந்தத் துண்டு நிலத்தை வேறு ஒரு பெயருக்கு வாடகைக்கு விட்டார்கள். அந்தப் பெயரில் ஒரு சின்னப் போர்டு தொங்கியது. இப்போது எரிகிற டீசல் பக்கத்து நிலத்துக்காரருடைய டீசல். கேபிள் மட்டும் சுவரில் ஒரு ஓட்டை வழியாக உள்ளே வருகிறது. அந்த ஆண்டு அறிக்கையில் கம்பெனி வளாகத்துக்குள் ஒரு சொட்டு டீசல் எரியவில்லை என்று போட்டார்கள். ஒரு சொட்டுப் பால் வீணாகவில்லை என்றும் போட்டார்கள். திரிந்ததெல்லாம் கேட்டுக்கு வெளியே திரிந்ததுதானே.

ஐஸ்வர்யா அந்த அறிக்கையைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். "இதுல ஒரு பொய்கூட இல்ல சார். அதான் எனக்கு அழுகையா வருது" என்றாள். அந்த மாதமே பெங்களூரு போய்விட்டாள். சரோஜாவை விட்டுச் சில வீடுகள் போயின. மிச்ச வீடுகளை வைத்துக்கொண்டு அவள் இன்றும் தினம் வருகிறாள்.

பிறகு நான் ஓய்வு பெற்றேன். சால்வை போட்டு, ஒரு சோலார் விளக்கும் கொடுத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்துக்காரருக்கு ஆபரேட்டர் தேவைப்பட்டது. எங்கள் 'அவருடைய' இருமல் என்னை விட்டால் யாருக்குப் பழக்கம்? மறுவாரமே போய்ச் சேர்ந்தேன். இப்போது அவரும் நானும் கம்பெனியில் இல்லை, கம்பெனிக்காகத்தான் ஓடுகிறோம்.

போன வாரம் மலர்க்காரர்கள் மறுபடி வந்து, கட்டுரையோடு போட என் படம் வேண்டும் என்றார்கள். உள்ளே அழைத்துப்போய், அந்தப் புதுச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார்கள். சுவரில் வரிசையாகக் காற்றாலை ஓவியம். சால்வையைச் சரிசெய்து, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்தேன். காமிராவைத் தூக்கும் நேரம் கரண்ட் போய்விட்டது.

கேன் இறக்கும் இடத்திலிருந்து சரோஜாவின் குரல் வந்தது.

"ண்ணா! படம் அப்பறம் புடிச்சுக்கலாம். போயி அவர எழுப்புங்க, என் பாலு தொட்டில நிக்குது!"

சால்வையைப் படம் எடுக்க வந்த இளைஞர் கையில் திணித்துவிட்டு, கேட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். சுவர் இல்லாவிட்டால் நாலு எட்டில் போயிருப்பேன். லைனைப் பிரித்து, ஸ்டார்ட் கொடுத்து, சத்தம் சீரானதும் சுமை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது அவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"படம் நல்லா வந்துருச்சு சார்" என்று காட்டினார்கள். சுவர், காற்றாலை ஓவியம், மேலே வானம். சுவருக்கு மேலே எழும்பிய கரும்புகையை அப்போதே போனில் அழித்துவிட்டிருந்தார்கள். படத்தில் நானும் இல்லை.

அன்று சரோஜாவின் பால் ஒரு கேன்கூடத் திரியவில்லை. மலரில் அது வராது என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.